வீரக் கதைகளில் விடலைப் பருவத்தினர்

வீரச் செயல்களையும் விந்தைப் பயணங்களையும் கூறும் கதைகளை இளையோர் விரும்பிப் படிப்பது எல்லா நாடுகளிலும் காணப்படும் இயல்பு. பாடநூலைத் திறந்தவுடன் கொட்டாவி விடும் பையன், புதையலைத் தேடிப் புறப்பட்ட கப்பலின் கதையை விளக்கணைக்கும் வரை கையிலிருந்து கீழே வைக்கமாட்டான். இவ்வார்வத்தைப் பெரியோர் குறை கூறுவதற்கில்லை. ஆனால், அக்கதைகளில் உலவும் இளைஞர்கள் எத்தகையவர்கள் என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

பெரும்பாலான கதைகளில் நாம் சந்திக்கும் பதினைந்து வயதுத் தலைவன் ஒரு விந்தைப் பிறவி. அவனுக்குப் பசிப்பதில்லை, கால் வலிப்பதில்லை. இரவெல்லாம் குகையில் கழித்துவிட்டு வீடு திரும்பினாலும், ‘எங்கே போயிருந்தாய்?’ என்று கேட்க அவனுக்குத் தாய் இருப்பதில்லை. பத்துக் கயவர்களை அவன் ஒருவனே மடக்குகிறான். காவல்துறை அதிகாரி கைகுலுக்கிப் பாராட்டுகிறார். மறுநாள் காலையில் எதுவுமே நிகழாதது போல் அவன் பள்ளிக்குச் செல்கிறான். உண்மையில் அவன் இளைஞன் அல்லன். முப்பது வயது வீரனுக்கு அரைக்காற் சட்டை மாட்டிவிட்ட உருவம். படிக்கும் பிள்ளைகளும் இதை அறிவார்கள். அறிந்தும் மகிழ்கிறார்கள், ஆயின் மறந்தும் விடுகிறார்கள்.

நெஞ்சில் நிலைத்து நிற்கும் இளம் பாத்திரங்களும் உண்டு. அவர்களுக்கு உயிர் எங்கிருந்து வருகிறது? பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையுள்ள பருவத்தின் உண்மை, வீரக் கதையின் பரபரப்புக்கு இடையிலும் எவ்வாறு வெளிப்படுகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே நம் நோக்கம். அவ்விடையின் ஒரு பகுதி, நாம் வாழும் ஐதராபாத் நகரத்து வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் இப்பருவத்தைப் பற்றி நம் முன்னோர் என்ன கருதினர் என்பதைக் காண்போம். மகளிர் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகப் பகுத்ததைப் பலரும் அறிவர். ஆடவர் பருவங்களையும் நம் பாட்டியல் நூல்கள் பகுத்துள்ளன. பன்னிரு பாட்டியல் ஏழு வயது வரை பாலன் என்றும், பத்து வரை மீளி என்றும், பதினான்கு வரை மறவோன் என்றும் கூறுகிறது. பதினைந்தாம் ஆண்டுக்குத் திறலோன் என்று ஒரு பெயர். பதினாறாம் ஆண்டுக்குக் காளை என்று மற்றொரு பெயர். அதன் பின்னர் முப்பது வரை விடலை என்ற ஒரே பெயர்தான். பதினான்கு ஆண்டுகளுக்கு ஒரு பெயர் போதும் என்று எண்ணிய ஆசிரியர், பதினைந்துக்கும் பதினாறுக்கும் தனித்தனியே பெயர் வைத்தார். அப்பருவத்தில் ஓராண்டிலேயே ஒருவன் வேறொருவனாகி விடுகிறான் என்ற கூரிய நோக்கு இப்பகுப்பில் புலப்படுகிறது. பதினைந்து வயதுத் தலைவனைப் படைக்கும் ஆசிரியர், முதல் இயலில் இருந்த பையனும் இறுதி இயலில் நிற்பவனும் ஒருவனே அல்லர் என்பதைக் காட்டவேண்டும். காட்டவில்லையாயின், அவர் அப்பருவத்தை எழுதவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இப்பருவத்து வீரத்தின் இயல்பை அபிமன்யுவின் கதையைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துவது அரிது. தெருக்கூத்தில் அப்பகுதி ஆடப்படும்போது, முடிவை முன்பே அறிந்த கிராமத்தார் விடியும் வரை விழித்திருந்து கண் கலங்குவர். சக்கர வியூகத்தினுள் புகும் வழியை அவன் அறிவான். வெளியேறும் வழியை அறியான். இதை அவன் மறைக்கவுமில்லை. தருமனிடம் வெளிப்படையாகவே கூறுகிறான். ‘நீ வழியைத் திற, நாங்கள் உன் பின்னே வருகிறோம்’ என்று பெரியோர் உறுதி கூறுகின்றனர். அவன் புகுகிறான். சயத்ரதன் வாயிலை அடைத்துவிடுகிறான். பின்தொடர்வதாகச் சொன்னவர்கள் வெளியே நின்றுவிடுகின்றனர். இக்கதையில் நம் நெஞ்சை உருக்குவது அவனுடைய வில்லாற்றல் மட்டுமா? பாதி அறிவோடு, பெரியவர்களின் சொல்லை முழுவதும் நம்பி, ஓர் இளைஞன் அடியெடுத்து வைத்த கணமே நம்மை உருக்குகிறது.

நாம் கூற விரும்பும் கருத்தும் இதுவே. வீரக் கதையில் வரும் இளைஞன் எத்தனை பேரை வென்றான் என்பது அவனை உயிருள்ளவனாக்குவதில்லை. அவன் எந்தப் பெரியவரை நம்பினான், ஏன் நம்பினான், அந்நம்பிக்கைக்கு என்ன விலை கொடுத்தான் என்பவையே அவனை உயிருள்ளவனாக்குகின்றன.

மேனாட்டு வீரக் கதைகளுள் புகழ்பெற்ற ‘புதையல் தீவு’ இதற்குச் சான்று. 1881-இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தம் வளர்ப்பு மகனை மகிழ்விக்க ஒரு தீவின் படத்தை வரைந்து, அதிலிருந்து இக்கதையைத் தொடங்கினார்; 1883-இல் அது நூலாக வெளிவந்தது. கதை கூறும் ஜிம் ஹாக்கின்ஸ் ஒரு விடுதிக்காரர் மகன். தந்தை இறந்துவிடுகிறார். கப்பலில் சமையற்காரனாக வரும் ஒற்றைக் காலன் சில்வர், அப்பையனிடம் அன்பாகப் பேசுகிறான். அவன் அறிவைப் புகழ்கிறான். தந்தையை இழந்த பையனுக்கு இப்புகழ்ச்சி எவ்வளவு இனித்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒருநாள் இரவு, ஆப்பிள் பழம் எடுப்பதற்காகப் பீப்பாய்க்குள் இறங்கிய ஜிம், வெளியே சில்வர் சதி பேசுவதைக் கேட்கிறான். அங்கே சில்வர், மற்றோர் இளம் மாலுமியை மயக்குவதற்காக, முன்பு ஜிம்மிடம் சொன்ன அதே புகழ்மொழிகளைச் சொல்லுகிறான். கொள்ளையர் சதியை அறிந்த அச்சத்தோடு, ‘எனக்கென்று சொன்ன சொல் எல்லோருக்கும் சொல்லும் சொல்தானா?’ என்ற புண்பட்ட சினமும் அவனுள் எழுகிறது. இவ்விரண்டாவது உணர்ச்சியைக் கண்டறிந்து எழுதியதனால்தான் ஸ்டீவன்சனின் பையன் மெய்யான பையன் ஆனான். புதையல் கிடைத்த பின்னரும் அவனுக்கு அமைதி இல்லை. அத்தீவின் அலையோசையும் சில்வருடைய கிளியின் குரலும் கனவில் வந்து அவனை எழுப்புகின்றன.

தமிழில் இதற்கு நிகரான பாத்திரத்தைக் கல்கி படைத்திருக்கிறார். ‘சிவகாமியின் சபதம்’ ஒரு வாலிபனின் நடைப் பயணத்தோடு தொடங்குகிறது. பிற்காலத்தில் வாதாபியை வெல்லப்போகும் பரஞ்சோதி அவன். ஆனால், தொடக்கத்தில் அவன் கல்வி கற்பதற்காகக் காஞ்சிக்கு அனுப்பப்பட்ட நாட்டுப்புறத்து இளைஞன். மதம் பிடித்த யானையின் மேல் வேலை எறிகிறான், அது துணிவு. அதன் பயனாகப் பாராட்டுக் கிடைப்பதற்கு முன் சிறை கிடைக்கிறது, அது உலகம். வழித்துணையாக வந்த புத்த பிட்சு நாகநந்தியை அவன் நம்புகிறான். சித்திரம் தீட்டும் வண்ண இரகசியத்தை அறிவதற்கென்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஓலையைச் சுமந்துகொண்டு வடக்கே புறப்படுகிறான். ஓலையில் இருப்பது வேறு செய்தி என்பதை அவன் அறியான். தன் நாட்டுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய ஒன்றை, நற்செயல் என்று எண்ணித் தன் கையாலேயே எடுத்துச் செல்லும் இவ்விளைஞனைக் காணும்போது, ‘எச்சரிக்கை!’ என்று கூவ வேண்டும் போல் வாசகனுக்குத் தோன்றுகிறது. பின்னாளில் அவன் பெரிய படைத்தலைவன் ஆனதை விட, இப்போது அவன் ஏமாளியாக இருப்பதே அவனை நமக்கு நெருங்கியவனாக்குகிறது.

இனி, ஐதராபாத்துக்கு வருவோம். ஆங்கில மொழியில் இந்தியாவைக் களமாகக் கொண்டு எழுந்த வீரக் கதைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று, நிஜாம் அரசின் படையில் பணிபுரிந்த ஒருவரால் எழுதப்பட்டது. அவர் பெயர் பிலிப் மெடோஸ் டெய்லர். 1808-இல் லிவர்ப்பூல் நகரில் பிறந்த அவர், 1824-இல் பதினைந்து வயதுப் பையனாகத் தனியே கப்பலேறிப் பம்பாய்க்கு வந்தார். ஒரு வணிக நிலையத்தில் சேர்ந்து பொருளீட்டலாம் என்பது அவருக்குக் கூறப்பட்டிருந்த உறுதி. வந்து பார்த்தபோது அந்நிலையம் நலிந்த நிலையில் இருந்தது. பெரியோர் அளித்த உறுதி பொய்த்துப்போன அப்பையன், உறவினர் உதவியால் அவ்வாண்டிலேயே நிஜாமின் படையில் இடம் பெற்றார். மொழிகளைக் கற்றார், இருபது வயது நிரம்புமுன் காவற்பணியிலும் ஈடுபட்டார். இளைஞன் ஒருவன் அயல்நாட்டில் எப்படித் தடுமாறுவான் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் 1839-இல் வெளியிட்ட ‘ஒரு தக்கனின் வாக்குமூலம்’ என்னும் புதினம், வழிப்போக்கருடன் நண்பர் போல் பழகிக் கழுத்தை நெரித்துக் கொன்று கொள்ளையிட்டதாகக் கூறப்பட்ட தக்கர் கூட்டத்தைப் பற்றியது. இங்கு ஒன்றைக் குறிப்பிடுதல் கடமை. தக்கரைப் பற்றி அக்காலத்து ஆங்கில அதிகாரிகள் எழுதியவற்றை இன்றைய வரலாற்றாசிரியர் பலர் ஐயத்தோடு நோக்குகின்றனர். தண்டனைக்கு அஞ்சி அரசு தரப்புச் சாட்சிகளாக மாறியவர்களின் வாய்மொழியை வைத்து, ஒரு பெரிய இரகசியச் சமயக் கூட்டம் நாடெங்கும் பரவியிருந்ததாகக் காட்டியது மிகைப்படக் கூறலே என்பது அவர்களுள் பலருடைய கருத்து. ஆதலின், இந்நூலை வரலாறாகக் கொள்ளாமல் கதையாகவே கொள்வோம்.

கதைத் தலைவனாகிய அமீர் அலி சிறையிலிருந்து தன் வரலாற்றைக் கூறுகிறான். சிறு குழந்தையாக இருந்தபோது அவனுடைய பெற்றோரைத் தக்கர் கொன்றுவிடுகின்றனர். அக்கூட்டத்தின் தலைவர்களுள் ஒருவனான இஸ்மாயில் குழந்தையின் மேல் இரக்கங்கொண்டு தன் மகனாக வளர்க்கிறான். இஸ்மாயில் கொடியவனாக நடந்துகொள்ளும் தந்தை அல்லன், பாசமுள்ளவன். பையன் வளர்கிறான். தந்தை அடிக்கடி வெளியூர் போவதும், இரவில் அயலார் வந்து தாழ்ந்த குரலில் பேசுவதும், தான் அருகே சென்றால் பேச்சு நின்றுவிடுவதும் அவன் கண்ணில் படுகின்றன. தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணமே அவனை வருத்துகிறது. ‘என்னை ஏன் நம்பவில்லை?’ என்ற ஏக்கம் முற்றுகிறது. தூங்குவது போல் கிடந்து ஒட்டுக் கேட்கிறான். ஏறக்குறையப் பதினெட்டு வயதில் தந்தை அவனிடம் உண்மையை வெளியிட்டுக் கூட்டத்தில் சேர்க்கும்போது, அவனுள் அச்சத்தை விட ‘என்னையும் ஒரு மனிதனாக மதித்துவிட்டார்கள்’ என்ற பெருமிதமே ஓங்கி நிற்கிறது. சடங்கில் கொடுக்கப்பட்ட வெல்லத்தை உண்டபின் திரும்பிச் செல்ல வழியில்லை.

முதன்முறையாகக் கொலையைக் கண்ணால் காணும்போது அவன் உள்ளம் குலைகிறது. ஆனால், தந்தையின் முகம் வாடக்கூடாது, தோழர் நகைக்கக்கூடாது. மறுமுறை குலைவு குறைகிறது. இவ்வாறு படிப்படியாக அவன் கொலைஞனாகிறான். அவனுடைய முதற் பெரும் பயணம் ஐதராபாத்தை நோக்கி அமைகிறது. இந்நகரத்தின் பெருங்கட்டடங்களையும் கடைவீதிகளையும் முதன்முதலாகக் காணும் இளைஞனின் வியப்பு, வழியில் மீட்ட ஆடல் மங்கையின் மேல் கொண்ட காதல், அதே பயணத்தில் செய்யும் கொலைகள் ஆகிய மூன்றும் ஒரே உள்ளத்தில் அருகருகே கிடக்கின்றன. வியக்கும் கண்ணும் கொல்லும் கையும் ஒருவனுக்கே உரியவை. நூலைப் படிக்கும் நாம் அவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் தவிக்கிறோம். பின்னாளில், தன் உடன்பிறந்தவளையே இன்னாள் என்று அறியாமல் கொன்றுவிட்டதை அவன் அறியும்போது, பெரியவர்களின் பாராட்டை நாடிய ஒரு பையனின் ஏக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது விளங்குகிறது.

இது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. இளைஞர்களைத் தீய வழியில் ஈடுபடுத்தும் கூட்டங்கள் எக்காலத்திலும் கையாளும் முறை இதுவே. அவை முதலில் ஆயுதத்தைக் கொடுப்பதில்லை; அன்பைக் கொடுக்கின்றன. ‘நீ குழந்தை அல்லன், எங்களுள் ஒருவன்’ என்று சொல்லுகின்றன. வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்காத அச்சொல்லுக்காக ஓர் இளைஞன் எதையும் செய்யத் துணிவான். அதனைக் காட்டும் வீரக் கதை, நூறு அறிவுரைகளை விடப் பயனுள்ளது. தீயவர்களுக்குக் கோர முகமும் சிவந்த கண்களும் வைத்து எழுதும் கதையோ, பிள்ளைகளுக்குத் தவறான அடையாளத்தைக் கற்பிக்கிறது. மெய்யான இஸ்மாயில் புன்னகையோடு வருவான்.

டெய்லருடைய வாழ்க்கையிலேயே மற்றோர் இளைஞரின் வரலாறு பின்னிக் கிடக்கிறது. அது கதை அன்று, நடந்தது. கிருஷ்ணை நதிக்கு வடபுறம், இன்றைய கருநாடகத்தின் யாத்கிர் மாவட்டத்தில் சுராபுரம் என்னும் ஊர் உள்ளது. அங்கே பேடர் குலத்து நாயக்கர்கள் ஆண்டு வந்தனர். 1842-இல் அரசர் இறந்தபோது, அவர் மகன் வேங்கடப்ப நாயக்கர் ஏறக்குறைய எட்டு வயதுச் சிறுவர். அந்நாட்டு நிருவாகத்தைக் கவனிக்கும் பொறுப்பு டெய்லரிடம் வந்தது. சிறுவர் அவரை ‘அப்பா’ என்றே அழைத்தார். 1853-இல் இளைஞர் பொறுப்பேற்க, டெய்லர் சுராபுரத்தை விட்டு நீங்கினார்.

1857-ஆம் ஆண்டின் கிளர்ச்சி தென்னாட்டையும் தொட்டது. இளம் அரசரிடம் பல திசைகளிலிருந்தும் தூதர் வந்தனர். ஒருபுறம் தம்மை வளர்த்தவர் சார்ந்த ஆங்கில ஆட்சி. மறுபுறம் தம் குலத்தாரும் போர் வீரர்களும் நாட்டின் மானமும். அவர் எழுந்தார். 1858 பிப்ரவரியில் சுராபுரத்தில் போர் நடந்தது. தோல்வியுற்ற அரசர் சிலருடன் ஐதராபாத்துக்குத் தப்பி வந்தார். இந்நகரத்திலே பிடிபட்டு, திவான் சாலார் ஜங்கிடம் கொண்டுபோகப்பட்டு, பின்னர் ஆங்கில ரெசிடென்டிடம் ஒப்படைக்கப்பட்டார். அந்த ரெசிடென்சி மாளிகை கோட்டிப் பகுதியில் பெரிய தூண்களோடு இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் அது மகளிர் கல்லூரியாயிற்று.

சிகந்தராபாத்தில் சிறையிலிருந்த அவரை டெய்லர் சென்று கண்டார். தூண்டியவர்கள் யார் என்று கூறினால் தண்டனை குறையலாம் என்ற நிலையிலும், அரசர் எவர் பெயரையும் கூற இசையவில்லை; உயிருக்காக இரந்து நிற்கவும் விரும்பவில்லை. சிறையில் அடைபட்டு வாழ்வதைத் தம் குலத்துக் கடையனும் பொறுக்கமாட்டான் என்பது அவர் நிலை. மரண தண்டனை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, நம் தமிழ்நாட்டுச் செங்கற்பட்டில் நான்காண்டுக் காவல் என்று முடிவாயிற்று. அங்கே கொண்டுசெல்லப்படும் வழியில், முதல் தங்குமிடத்திலேயே, காவல் அதிகாரியின் துப்பாக்கிக் குண்டால் அவர் உயிர் பிரிந்தது. தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார் என்பது டெய்லர் தம் வாழ்க்கை வரலாற்றில் தரும் செய்தி. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கை ஒட்டியிருந்தது. இன்று கருநாடகத்தில் அவர் விடுதலைப் போர் வீரராகப் போற்றப்படுகிறார்.

கதை எழுதுவோர் இவ்வரலாற்றிலிருந்து கற்க வேண்டியது மிகுதி. ‘அப்பா’ என்று அழைக்கப்பட்டவர் எதிரியின் பக்கத்தில் நிற்கிறார். அவர் மேல் கொண்ட அன்பும் பொய்யன்று. அவர் சார்ந்த ஆட்சியை எதிர்த்த சினமும் பொய்யன்று. வளரும் பருவத்தின் உண்மையான போர்க்களம் இதுவே. தம்மை வளர்த்தவரையே எதிர்க்கவேண்டிய நாள் பெரும்பாலோர் வாழ்வில் சிறிய அளவிலாவது வருகிறது. எந்தப் படிப்பைப் படிப்பது, எந்த ஊருக்குப் போவது, யாரோடு நட்புக் கொள்வது என்ற அளவில் அது நம் வீடுகளில் நிகழ்கிறது. வாளும் குதிரையும் உள்ள கதையில் அதே போராட்டத்தைக் காணும்போது, பதினாறு வயது வாசகன் தன்னையே காண்கிறான்.

இதுகாறும் ஆண் மக்களைப் பற்றியே கூறினோம். வீரக் கதையுலகில் பெண் மக்களுக்கு நெடுங்காலம் கிடைத்த இடம் மீட்கப்படுவோர் இடமே. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் கோடிக்கரைக் கடலில் தனியே படகு செலுத்தும் பூங்குழலி இதற்கு அரியதொரு விலக்கு. இப்போது பெண்களைத் தலைவியராகக் கொண்ட கதைகள் பெருகி வருவது வரவேற்கத்தக்கது. எனினும், ஆண் பாத்திரத்துக்குப் பாவாடை கட்டிவிட்டால் பெண் பாத்திரம் ஆகிவிடாது. நம் நாட்டில் பதினான்கு வயதுப் பெண்ணின் வீரப் பயணம் குகை வாயிலில் தொடங்குவதில்லை. வீட்டு வாயிலில் தொடங்குகிறது. மாலை ஆறு மணிக்குப் பின் வெளியே செல்ல அவள் என்ன காரணம் சொல்லுவாள்? யார் துணைக்கு வருவார்? திரும்பி வந்தபின் அக்கம்பக்கத்தார் என்ன பேசுவர்? இத்தடைகளைக் கதாசிரியர் தாண்டிச் சென்றுவிட்டால், அவள் உண்மையில் தாண்டவேண்டிய மதிலையே அவர் இடித்து விட்டவர் ஆகிறார்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கல். அயல்மொழிக் கதையில் ஒரு பையன் அஞ்சிக் கூவுகிறான். அதைத் தமிழாக்குவோர், ‘என் உள்ளம் அச்சத்தால் நடுங்குகின்றது’ என்று அவன் வாயில் வைத்துவிடுகின்றனர். இருளில் நின்று நடுங்கும் எந்தப் பையன் இவ்வாறு பேசுவான்? ‘எனக்குப் பயமா இருக்கு, வா, போயிடலாம்’ என்பான். கதை கூறும் நடை செந்தமிழாக இருக்கலாம். ஆனால் பையனின் பேச்சு பையனுடையதாக இருத்தல் வேண்டும். ஐதராபாத்தில் வளரும் தமிழ்ப் பையனைப் பாருங்கள். தாயிடம் தமிழிலும், பள்ளித் தோழனிடம் தெலுங்கிலும், தெருவில் கிரிக்கெட் ஆடுகையில் தக்கணி உருதுவிலும் பேசுகிறான். ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் தப்பிக்கிறான். எந்த மொழியில் பொய் சொல்லுகிறான், எந்த மொழியில் அழுகிறான் என்பதைக் கவனித்து எழுதினாலே பாத்திரம் பாதி உருவாகிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு கதையை எண்ணிப் பார்ப்போம். கோல்கொண்டாக் கோட்டையின் பதே தர்வாசா வாயிலில் கை தட்டினால், உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் அவ்வோசை கேட்கும் என்பதைச் சுற்றுலா சென்ற பிள்ளைகள் அனைவரும் அறிவர். கோட்டையிலிருந்து சார்மினார் வரை சுரங்கவழி உண்டு என்ற கதையும் மக்களிடையே வழங்கி வருகிறது. இவ்விரண்டையும் வைத்து, பழம்பொருள் திருடுவோரைக் கைதட்டல் சைகையால் பிடித்துக் கொடுக்கும் ஒரு பையனின் கதையை எளிதில் புனையலாம். அது ஒரு மாலைப் பொழுதுக்கு உதவும். ஆனால், சுரங்கவழியைப் பற்றி அப்பையனுக்கு ஆசையோடு கதை சொல்லி வளர்த்த சித்தப்பாவே திருடருக்கு வழி காட்டியவர் என்றால்? உச்சியில் நின்ற பையன் கீழே எழும் கைதட்டலைக் கேட்டு, அது அவருடைய கைதட்டல் என்பதை அறிந்துகொண்டால்? கீழே இறங்கிவரும் அப்படிகளில் அவன் என்ன நினைப்பான்? காவலரிடம் சொல்வானா? வீட்டில் பாட்டியிடம் எப்படிச் சொல்வான்? இப்போது சுரங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதை நிற்கும். பரபரப்பு ஒருசிறிதும் குறையவில்லை. ஆனால் பையனுக்கு உயிர் வந்துவிட்டது.

வீரக் கதைகளை எழுதுவோரும், மொழிபெயர்ப்போரும், பிள்ளைகளுக்காக நூல் வாங்கும் பெற்றோரும் நூலகத்தாரும் சில வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். கதைத் தலைவனுக்கு அறியாதது ஏதேனும் உண்டா? அவன் நேசிக்கும் பெரியவர் ஒருவர் உண்டா? அவர் தவறு செய்யக் கூடியவரா? அவன் செய்த செயல் அவன் மேல் ஏதேனும் வடு விட்டுச் செல்கிறதா? வீட்டில் அவனுக்காகச் சோறு காத்திருக்கிறதா? இவற்றுக்கு ‘ஆம்’ என்று விடை வருமாயின், நூலின் அட்டையில் எவ்வளவு பெரிய புலியும் துப்பாக்கியும் இருந்தாலும் அஞ்சாமல் பிள்ளையின் கையில் கொடுக்கலாம்.

நம் பிள்ளைகள் வியூகங்களுக்குள் புகாமல் வளரமுடியாது. புதிய ஊர், புதிய நட்பு, புதிய கொள்கை என்று ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு வியூகமே. உள்ளே அழைப்பவர் புன்னகை செய்யும்போது, வெளியே வரும் வழியையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை ஒரு நல்ல கதை அவர்கள் நெஞ்சில் விதைக்கக்கூடும். அத்தகைய கதைகளை வாங்கிக் கொடுப்பதோடு நில்லாமல், பெரியோராகிய நாமும் உடனிருந்து படித்தல் நலம். படித்து முடித்தபின், ‘நீயாக இருந்தால் யாரை நம்பியிருப்பாய்?’ என்று கேட்டு, அவர்கள் கூறும் விடையைக் குறுக்கிடாமல் கேட்போமாக.